இளைஞர் சேவைகளுக்கும் ஒரு செக்ரோல் வேண்டும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் செக்ரோலைப் பற்றி விளக்கத் தேவையில்லை. இன்று யார் பெரட்டுக்கு வந்தார், எந்த மலையில் நின்றார், கொழுந்து எடுத்தாரா, பால் வெட்டினாரா, புல் வெட்டினாரா, முழுப்பேரா அரைப்பேரா என்பதெல்லாம் நாளுக்கு நாள் அந்தப் புத்தகத்தில் ஏறும். அதில் அநீதி நடந்ததுண்டு. வேலையை முழுதாக வாங்கிவிட்டு அரைப்பேர் போட்ட கதை ஒவ்வொரு லயத்திலும் உண்டு. ஆயினும் ஏமாற்றப்பட்டோம் என்று எம் மக்கள் அறிந்துகொண்டதும், தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்று கேட்டதும் அப்படி ஒரு புத்தகம் இருந்தபடியால்தான். எழுதப்படாத வேலைக்கு வழக்குப் பேச முடியாது.

அரசாங்கப் பணத்தில் எமது இளைஞர் யுவதிகளுக்கு நடத்தப்படும் சேவைகளுக்கு இத்தகைய புத்தகம் ஒன்றை எமது பகுதிகளில் நாம் கண்டதில்லை. அறிக்கைகள் இல்லை என்று நாம் சொல்லவில்லை. அவை ஏராளம். இத்தனை நிகழ்ச்சிகள் நடந்தன, இத்தனை பேர் பங்குபற்றினர், இத்தனை ரூபா செலவானது என்று ஆண்டு முடிவில் எண்கள் வருகின்றன. ஆனால் இன்ன தோட்டத்து இன்ன பிரிவிலிருந்து வந்த பிள்ளைக்குக் கிடைத்தது ஒருநாள் கருத்தரங்கா, ஆறுமாதப் பயிற்சியா, பஸ் கூலியா, வெறும் விண்ணப்பப் படிவமா என்றும், அதன்பின் அந்தப் பிள்ளை எங்கே போயிற்று என்றும் கேட்டால் விடை சொல்ல ஆளில்லை. மண்சரிவினாலும் வன்செயலினாலும் வீடும் நிலமும் இழந்து, சப்ரகமுவவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்ந்து வாழும் எமது வாசகர்களுக்கு இது சிறிய விடயம் அல்ல. நிலம் போனபின் குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும் முதல் பிள்ளையின் கைத்தொழில் ஒன்றே.

முதலில் இச்சேவைகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். 1971 ஏப்ரலில் கிராமத்து இளைஞர்கள் ஆயுதமேந்தியதும், 1987 முதல் 1989 வரை அது இன்னும் கொடூரமாக மீண்டும் நிகழ்ந்ததும் ஆட்சியாளரை இளைஞர் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தன. பயிலுநர் சபை 1971 இல் தோன்றியது. தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் 1979 ஆம் ஆண்டின் 69 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. இரண்டாவது கிளர்ச்சி ஓய்ந்த கையோடு இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு 1990 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. வேலைவாய்ப்பிலும் பிற வாய்ப்புகளிலும் அரசியல் செல்வாக்குப் புகுந்ததே இளைஞரின் கொதிப்புக்குப் பெரிய காரணம் என்று அது கண்டது. அதே 1990 இல் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டம் வந்தது. பழைய பயிலுநர் சபை இன்று நைட்டா என்று நாம் அழைக்கும் அதிகாரசபையாக மாறியது அச்சட்டத்தினால்தான். தொழிற்பயிற்சி அதிகாரசபை 1995 இல் வந்தது. இளைஞர் படையணிக்கான சட்டம் 2002 இல் நிறைவேறியது. இவற்றோடு தொழில்நுட்பக் கல்லூரிகள், மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களம், கமத்தொழில் திணைக்களத்தின் பாடசாலைகள் (அவற்றுள் ஒன்று எமது குருவிட்டைப் பக்கம் கரபிஞ்சையிலேயே உள்ளது), தோட்டங்களுக்கென்று 1992 இல் தொடங்கப்பட்டுப் பின்னர் பெயர் மாறிய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பட்டியல் நீளும்.

கதவுகள் குறைவு என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனிப் புத்தகம், தனித்தனிக் கணக்கு. ஒரு கதவில் நுழைந்து வெளியே வந்த பிள்ளையை அடுத்த கதவுக்காரருக்குத் தெரியாது என்பதே சிக்கல்.

இது பிள்ளைகளை எப்படிப் பாதிக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்வோம். பெயர்கள் வேண்டாம். இப்படிப்பட்டவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு யுவதி தையல் பயிற்சிக்குச் சேர்கிறாள். பயிற்சி ஆறுமாதம். நான்காவது மாதத்தில் மழை பிடிக்கிறது. மேட்டில் வெடிப்புக் கண்டு லயத்தை விட்டு இறங்கச் சொல்கிறார்கள். குடும்பம் முதலில் பாடசாலை மண்டபத்தில் இருக்கிறது, பிறகு வேறு பிரதேச செயலகப் பிரிவிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போகிறது. பயிற்சி நிலையம் இப்போது இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். அவள் பெயருக்கு நேரே 'இடைவிலகல்' என்று எழுதப்படுகிறது. அவள் விலகவில்லை, மலைதான் இறங்கி வந்தது. ஆனால் அதை எழுத அந்தப் புத்தகத்தில் இடம் இல்லை.

அதே தோட்டத்து இளைஞன் ஒருவன் அதே ஆண்டில் மூன்று ஒருநாள் வழிகாட்டல் கூட்டங்களுக்குப் போகிறான். ஒன்றை ஒரு நிறுவனம் நடத்தியது, மற்றதை இன்னொன்று, மூன்றாவதை வேறொன்று. மூன்றிலும் தேநீரும் பணிசும் கொடுத்தார்கள், ஒன்றில் தொப்பியும் கிடைத்தது. மூன்றிலும் கையொப்பம் வைத்தான். ஆண்டறிக்கைகளில் அவன் மூன்று பயனாளிகள்.

இப்போது இந்த இருவரையும் ஒரே தாளில் கூட்டிப் பாருங்கள். மூன்று வெற்றி, ஒரு தோல்வி. உண்மையில் தையல் இயந்திரத்தின் முன் நான்கு மாதம் உட்கார்ந்து கை பழகியவள் அவள். அவனுக்குத் தொப்பிதான் மிச்சம். இந்தத் தாளை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடும் அதிகாரி என்ன நினைப்பார்? தையல் பயிற்சிக்கு இப்பகுதியில் வரவேற்பில்லை, கருத்தரங்குகளுக்கு நல்ல வரவேற்பு உண்டு என்று நினைப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, தாள் அப்படித்தான் சொல்கிறது. அடுத்த ஆண்டு தையல் வகுப்பு இடம் மாறும், கூட்டங்கள் நான்காகும். தலைகளை மட்டும் எண்ணுவதன் விளைவு இது.

கூட்டமும் முகாமும் விளையாட்டுப் போட்டியும் வேண்டாம் என்பது எமது வாதமல்ல. லயத்துக் காம்பராவிலேயே அடைபட்டுக் கிடந்த பிள்ளை ஒரு வாரம் முகாமுக்குப் போய், வேறு மாவட்டத்துப் பிள்ளைகளோடு சிங்களத்திலும் தமிழிலும் பேசிப் பழகி வருவது பெரிய காரியம். அதை முகாம் என்றே எழுதட்டும். அதைத் தொழிற்பயிற்சியோடு சேர்த்து 'இளைஞர் அபிவிருத்தி' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதைத்தான் கண்டிக்கிறோம். கொழுந்தும் குச்சியும் ஒன்றாக நிறுக்கப்பட்டால் எந்தக் கங்காணி ஒப்புக்கொள்வார்?

வகைப்படுத்தல் என்றால் என்ன என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று தருவோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2014 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பாடசாலையை விட்டவர்கள், வேலையற்றவர்கள், வறிய குடும்பத்து இளையோர் ஆகியோருக்குப் பொதுப் பணத்தில் நடத்தப்படும் திட்டங்கள் வழங்கவேண்டிய சேவைகளை அது 14 வகைகளாகப் பிரித்தது. பாடம் சொல்லிக் கொடுத்தல் ஒரு வகை. வேலைத்தள அனுபவம் ஒரு வகை. தொழிற்பயிற்சி வேறு, தொழில் வாய்ப்புப் பற்றிய தகவல் வேறு. சுயதொழிலுக்குப் பழக்குவதும், மூத்தவர் ஒருவரைத் துணையாக நியமிப்பதும் தனித்தனி வகைகள். போக்குவரத்துச் செலவு, பிள்ளை பராமரிப்பு போன்ற ஆதரவு உதவிகள் இன்னொன்று. இவற்றுள் எமக்கு மிகவும் பிடித்தது, திட்டம் முடிந்தபின் 12 மாதத்துக்குக் குறையாமல் பின்தொடர்ந்து விசாரிப்பதும் ஒரு சேவையாகவே வகுக்கப்பட்டிருப்பது. எல்லாப் பிள்ளைக்கும் 14 உம் கொடுக்கவேண்டும் என்பதல்ல. யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று எழுதவேண்டும், திட்டத்தை விட்டு வெளியேறியபின் இரண்டாம் காலாண்டிலும் நான்காம் காலாண்டிலும் அவர் வேலையில் அல்லது படிப்பில் இருக்கிறாரா என்று பார்க்கவேண்டும். பணக்கார நாட்டின் சட்டம் என்று ஒதுக்கத் தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனாவும் இருந்தால் இதை எங்கேயும் செய்யலாம்.

எமது நாட்டிலும் இதற்கான அடித்தளம் உண்டு. பயிற்சி நிறுவனங்களைப் பதிவுசெய்யும் பொறுப்பு மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிடம் உள்ளது. தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ., 7 மட்டங்களாக வகுக்கப்பட்டிருக்கிறது. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். இது நல்ல ஏணி. ஒரு மேசன் எந்தப் படியில் நிற்கிறார் என்று யாழ்ப்பாணத்திலும் இரத்தினபுரியிலும் ஒரே மாதிரிச் சொல்லலாம். ஆனால் ஏணி ஏறியவர்களைத்தான் காட்டும். ஏணிக்குப் பக்கத்தில் வரமுடியாமற் போனவர் யார், இரண்டாம் படியில் கால் வழுக்கியவர் யார், ஏன் வழுக்கியது என்பதை அது காட்டாது. தோட்டத்துப் பிள்ளைகளின் கதை பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நடக்கிறது. சாதாரண தரம் எழுதாமலே பாடசாலையை விட்ட பிள்ளை, பயிற்சி மொழி புரியாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்து இரண்டாம் வாரத்தில் நின்றுவிட்ட பிள்ளை, மாதக் கொடுப்பனவு பிந்தியதால் பஸ்ஸுக்குக் காசில்லாமல் மாணிக்கக் குழிக்குத் தண்ணீர் இறைக்கப் போன பிள்ளை, இவர்களை எந்த மட்டத்தில் சேர்ப்பது?

மொழியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1987 இல் 13 ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. சப்ரகமுவவில் தமிழில் நடக்கும் பாடநெறியைத் தேடி அலைந்த பெற்றோருக்கு அந்தத் திருத்தம் எவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்கிறது என்பது தெரியும். பயிற்சி எந்த மொழியில் நடந்தது என்று ஒரு பத்தி இருந்தாலே போதும். எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் சிங்கள மொழி வகுப்பில் சேர்ந்து எத்தனை பேர் முடித்தார்கள் என்பது இரண்டே ஆண்டில் வெளிச்சமாகிவிடும். அது வெளிச்சமானால் யாராவது ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். பத்தி இல்லாமலிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று சில வேளை எமக்குத் தோன்றுவதுண்டு.

இடம்பெயர்ந்தோரின் நிலைதான் எல்லாவற்றிலும் கவலைக்குரியது. இதைச் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும்.

எமது வாசகர்களில் ஒரு பகுதியினர் 1977 இலும் 1981 இலும் 1983 இலும் அடித்து விரட்டப்பட்டவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் நடந்ததை மூத்தவர்கள் மறக்கவில்லை. அன்று வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் கமம் செய்தவர்கள், போர் துரத்த அந்தக் காணியையும் விட்டு ஓடினார்கள். சிலர் பழைய தோட்டத்து உறவுகளிடமே திரும்பி வந்தார்கள். இன்னொரு பகுதியினரை விரட்டியது மண். 2016 மே 17 ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அடுத்த ஆண்டு மே மாத இறுதியில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் தத்தளித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை கேகாலை உட்பட மலைநாடு முழுவதையும் உலுக்கியது. வீட்டோடு போனவை லயத்துக்குப் பின்னாலிருந்த மரக்கறிப் பாத்தி, மாட்டுப் பட்டி, மிளகுக் கொடி. உறுதி இல்லாத நிலம் என்றபடியால் அவற்றுக்கு நட்டஈடு கேட்கவும் பலருக்கு வழியிருக்கவில்லை. கமநல சேவை நிலையத்தில் காணியைக் காட்டச் சொல்லும்போது காட்ட எதுவுமில்லாதவன், அவன் கையில் எத்தனை வருடத்துக் கமம் இருந்தாலும் கமக்காரன் ஆகமாட்டான். அவன் மகன் இளம் விவசாயியும் ஆகமாட்டான்.

இனிக் கணக்குக்கு வருவோம். எமது நாட்டின் புள்ளிவிபரங்கள் மக்களை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறைகளாகப் பிரிக்கின்றன. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அங்கேயே குடியிருக்கும் 10 தொழிலாளருக்குக் குறையாத தொகையும் இருந்தால் அது தோட்டம். இந்த வரைவிலக்கணம் நிலத்துக்குச் செய்யப்பட்டது, அதில் வாழ்ந்த மனிதருக்கு அல்ல. லயத்திலிருந்து இறக்கி, சந்திக்குப் பக்கத்தில் சில பேர்ச் காணியில் வீடு கட்டிக் கொடுத்ததும் குடும்பம் 'கிராமம்' ஆகிவிடுகிறது. துண்டு துண்டாக விற்கப்பட்டுச் சிறுத்துப்போன இறப்பர்த் தோட்டங்களில் மிஞ்சியிருக்கும் லயங்களின் கதியும் இதுவே. அதே தாய், அதே பிள்ளை, அதே வறுமை. துறை மட்டும் மாறிவிட்டது. கேகாலை மாவட்டத்துத் தோட்ட இளைஞருக்கு என்ன கிடைத்தது என்று நாளை யாராவது கேட்டால் இடம்பெயர்ந்த பிள்ளை அந்தக் கணக்கில் வராது. கிராமத்து இளைஞரின் கணக்கில் வரும்தான், ஆனால் அங்கே ஒரு குடம் பாலில் ஒரு துளி தண்ணீராய்க் கரைந்து போகும். இரண்டு கணக்கிலும் பிழையில்லை, இரண்டிலும் பிள்ளையும் இல்லை.

இந்த விளையாட்டு எமக்குப் புதிதல்ல. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின் எம் மூதாதையரில் பெரும்பாலோரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லாமற் போயிற்று. 1988 இலும் 2003 இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் வரும்வரை அந்தச் சிக்கல் முழுதாக அவிழவில்லை. பிரதேச சபைகள் தம் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவிட 1987 ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்து, 2018 இல்தான் திருத்தப்பட்டது. எம் பெயர் எந்தக் கொப்பியில் எந்தப் பத்தியில் இருக்கிறது என்பது எமக்கு எப்போதும் சோற்றுப் பிரச்சினையாகவே இருந்து வந்திருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. பிரதேச செயலக மட்டத்தில், எல்லா இளைஞர் நிறுவனங்களுக்கும் பொதுவாக, ஆளுக்கொரு பக்கம் கொண்ட ஓர் இடாப்பு இருக்கவேண்டும். அதில் சேவையின் வகை, எத்தனை நாள், எந்த மொழி, என்ன உதவித்தொகை, முடித்தாரா, முடிக்காவிட்டால் ஏன் என்பன எழுதப்படவேண்டும். ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் ஒரு தரம் விசாரித்து அதே பக்கத்தில் குறிக்கவேண்டும். இரண்டாவது, அந்தப் பக்கத்தில் 'முன்பு வாழ்ந்த இடம்' என்றொரு பத்தி வேண்டும். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், எந்த ஆண்டு எதனால் வெளியேறினார். இடைவிலகலுக்கு 'இடப்பெயர்வு' என்றும் ஒரு காரணம் அனுமதிக்கப்பட்டு, அப்படிப்பட்ட பிள்ளை புதிய இடத்திலுள்ள நிலையத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர வழி செய்யப்படவேண்டும். நான்கு மாதம் படித்தவள் மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்குவது அவளுக்கும் நட்டம், பொதுப் பணத்துக்கும் நட்டம்.

உத்தியோகத்தர்கள் உடனே சொல்லப்போவது எமக்குத் தெரியும். ஏற்கெனவே நிரப்புகிற படிவங்களுக்கே கை போதவில்லை என்பார்கள். அது நியாயமான முறைப்பாடு. பரந்த பிரிவு ஒன்றை மோட்டார் சைக்கிளில் சுற்றும் இளைஞர் சேவை உத்தியோகத்தர்களை நாம் அறிவோம், அவர்களில் பலர் நல்லவர்கள். ஆனால் ஐந்து நிறுவனங்கள் ஒரே பிள்ளையின் பெயரை ஐந்து தாளில் எழுதுவதை விட ஒரு பக்கத்தில் ஐந்து வரி எழுதுவது வேலைக் குறைப்பே அல்லவா?

வேறொரு தடை உண்டு, அதுதான் எம்மை அதிகம் யோசிக்க வைக்கிறது. அது எம் மக்களிடமிருந்தே வருவது. பெயரைக் கேட்டால் பயம். எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டால் அதைவிடப் பயம். 1983 இல் கொழும்பில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள் என்பதை அறிந்த தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. வன்னியிலிருந்து திரும்பியவர்கள் அந்த முகவரியைப் பல வருடங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடுபவர்கள் எம் வரலாறு தெரியாதவர்கள். எனவே எமது கோரிக்கைக்கு எல்லையும் வைக்கிறோம். இனம், சமயம், குடும்பத்தின் அரசியல், சங்கம் எதுவும் அந்த இடாப்புக்கு வேண்டாம். முன்பு வாழ்ந்த இடத்தைச் சொல்ல விரும்பாதவர் சொல்லாதிருக்கலாம். பிள்ளை தன் பக்கத்தைத் தானே பார்க்கவும் பிழையைத் திருத்தக் கேட்கவும் முடியவேண்டும். ஆளைப் பற்றிய தகவல்களைக் காப்பதற்கென 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அது கணினி வைத்திருக்கும் கம்பனிகளுக்கு மட்டும் வந்த சட்டமல்ல.

எண்ணுவதே பாவம் போலப் பேசும் சிலர் எம் திருச்சபையிலும் உண்டு. ஆள்களை எண்ணாதே, அன்பு செய் என்பார்கள். நூறு ஆடுகளில் ஒன்று குறைகிறது என்று அந்த இடையன் எப்படிக் கண்டான் என்று அவர்களிடம் கேட்க ஆசை. அந்தி நேரத்தில் பட்டி வாசலில் நின்று எண்ணியிருக்கிறான், எண்ணிவிட்டுத் தேடிப் போயிருக்கிறான்.

அரசாங்கம் செய்யும்வரை நாம் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானப் புத்தகத்தின் ஒரு வரிதான் சாட்சியாய் நின்றது. அந்தப் பழக்கத்தை நீட்டலாம். ஒவ்வொரு தற்காலிகக் குடியிருப்பிலும், ஒவ்வொரு புதிய குடியிருப்பிலும், சமய வேறுபாடின்றி 15 முதல் 29 வயதுவரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் (2014 இன் தேசிய இளைஞர் கொள்கை சொல்லும் வயது அதுவே) ஒரு கொப்பி போடுவோம். எழுதத் தெரிந்த யுவதி ஒருத்தியிடம் பொறுப்பைக் கொடுப்போம். அனுபவத்தில் சொல்கிறோம், இளைஞர்களிடம் கொடுத்தால் கொப்பி மழையில் நனையும். சான்றிதழ்களின் பிரதியைக் கோவில் அலுமாரியிலோ பள்ளி அதிபரிடமோ ஒப்படைப்போம். மண்ணுக்குள் போன சான்றிதழுக்கு வழங்கிய நிறுவனத்திடம் மறுபிரதி கேட்கலாம். பயிற்சி இலக்கமும் ஆண்டும் கொப்பியில் இருந்தால் அது ஒரு கடிதத்தோடு முடியும் வேலை, இல்லாவிட்டால் பல நாள் அலைச்சல். பல வருடம் மேசன் வேலை செய்தும் ஒரு தாளும் இல்லாத தகப்பன்மாருக்கும் வழி உண்டு. வகுப்புக்குப் போகாமலே, கைவேலையைச் செய்து காட்டி, முன்பே கற்றதற்கான அங்கீகாரமாக என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். இது இருப்பதே எமது குடியிருப்புகளில் பலருக்குத் தெரியாது. தெரியாதவர்கள் யார் என்பதையும் கொப்பி காட்டிவிடும்.

கொப்பி நிரம்பியதும் கேள்வி கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கக்கூடாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அவரே எழுதிக்கொள்ளவேண்டும். தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வரவேண்டும். ஆனால் கேள்வி சரியாக இருக்கவேண்டும். 'எமது இளைஞருக்கு என்ன செய்தீர்கள்' என்று கேட்டால் பங்குபற்றியோர் தொகைதான் வரும். 'கடந்த ஆண்டு எமது பிரதேச செயலகப் பிரிவில், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பயிற்சிகளில் சேர்ந்தவர் எத்தனை பேர், முடித்தவர் எத்தனை பேர், அவற்றில் தமிழில் நடந்தவை எவை, இடைவிலகியோருக்கு என்ன காரணம் பதியப்பட்டது' என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் 'பதியப்படவில்லை' என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தை எறிந்துவிடாதீர்கள். அதன் பிரதியொன்றை எமக்கும் அனுப்புங்கள். பல குடியிருப்புகளிலிருந்து அத்தகைய கடிதங்கள் சேர்ந்தால் மாவட்டச் செயலாளரிடம் வெறுங்கையோடு போகவேண்டியிருக்காது.

கொப்பிக்கு நாம் போட்டுப் பார்த்த மாதிரித் தாளில் ஒரு பத்தி மட்டும் இன்னும் தீராமல் நிற்கிறது. பயிற்சியை முடித்துவிட்டு அதே மாதத்தில் வீட்டு வேலைக்கென்று மத்திய கிழக்குக்குப் போன பிள்ளையை 'வேலை கிடைத்தது' என்று எழுதுவதா, 'பயிற்சிக்கேற்ற வேலை கிடைக்கவில்லை' என்று எழுதுவதா? எமக்குள் இதில் உடன்பாடில்லை. அவள் அனுப்பும் காசில்தான் புதுவீட்டுக்குக் கூரை ஏறியது என்கிறார் ஒருவர். தையல் படித்தவளின் கையில் துடைப்பம் கொடுத்ததை எப்படி வெற்றி என்பது என்கிறார் இன்னொருவர். பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்மார் எமது வாசகர்களில் பலர். உங்கள் மகளின் பெயருக்கு நேரே என்ன எழுதவேண்டும் என்று நீங்களே எமக்கு எழுதுங்கள்.